அதே கதிரை, அதே நிற்பு: சாமத்திய அல்பத்தைத் தானே மறுபடி எடுத்த ஒரு பெண் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

யாழ்ப்பாணத்து வலிகாமத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவர், வயது 26. பகலில் கணக்கெழுதும் வேலை, வார இறுதியில் பிறந்தநாள் வீடுகளுக்குப் படம் எடுத்தல். தன் சாமத்திய வீட்டு (பூப்புனித நீராட்டு விழா) அல்பத்திலிருந்து ஏழு படங்களைத் தெரிந்து, அந்த ஏழையும் அதே வீட்டில், அதே நிற்பில் தானே மறுபடி எடுப்பது அவருடைய திட்டம். ஒவ்வொன்றும் இரண்டு தடவை: சேலையில் ஒன்று, தகப்பனாரின் வேட்டி சால்வையில் மீசையோடு ஒன்று. மொத்தம் 14 படங்கள். தொடங்கியதிலிருந்து பார்வைக்கு வைத்தது வரை ஐந்து மாதங்கள் சென்றன. வீட்டாரின் சம்மதத்தோடு, ஊரையும் பெயரையும் தவிர்த்து இங்கே பதிகிறோம்.

சாமத்திய வீட்டுப் படம் பற்றி வெளியூர் வாசகருக்கு ஒரு வார்த்தை. தண்ணீர் வார்த்து, ஆராத்தி எடுத்து, சபைக்கு முன் அலங்கரித்த கதிரையில் இருத்தும் அந்த ஒரே நாளில் பிள்ளைக்கு மூன்று நான்கு உடுப்பு மாறும். ஒவ்வொரு உடுப்புக்கும் கமராக்காரர் கைவசம் வைத்திருக்கும் நிற்புகள் உண்டு: கண்ணாடியைப் பார்ப்பது, தோளுக்கு மேலால் திரும்புவது, பின்னலை முன்னால் விட்டு நிலத்தைப் பார்ப்பது. 13 வயதில் தனக்கு நடந்ததில் இந்தப் பெண்ணுக்குத் தெளிவாக நினைவிருந்தது ஒரு சொல்தான்: "வெட்கப்படுங்கோ தங்கச்சி." தனக்கு வெட்கம் வரவில்லை, பசிதான் இருந்தது என்றார். படத்தில் பசி தெரியவில்லை. குனிந்த தலை தெரிகிறது.

ஆகவே வேடம் புனைந்து கமராவுக்கு முன் நிற்பது அவருக்குப் புதிய காரியம் அல்ல. அன்று இன்னொருவர் சொல்லி நின்றதை இப்போது தானே சொல்லி நிற்கிறார். இந்த வேலையின் பலம் முழுவதும் அதில்தான் இருந்தது. பிழை நேர்ந்த இடங்களும் அந்தப் பிடி தளர்ந்த இடங்களே.

பார்த்துப் பழகிய படங்கள்

முதலில் அவர் நெடுநேரம் பார்த்தவை, வேடம் புனைந்து தன்னையே படமாக்கிய கலைஞர் குளோட் காஹுனின் படங்கள். 1894இல் பிரான்சின் நாந்த் நகரில் லூசி ஷ்வோப் என்ற பெயரில் பிறந்தவர் காஹுன். ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான குளோட் என்ற பெயரைத் தானே சூடிக்கொண்டார். மொட்டைத் தலையோடு, கோட்டு அணிந்து, முகமூடி போட்டு, பொம்மை போல அலங்கரித்து, பலவிதமாகத் தன்னை எடுத்தார். 1927இல் எடுத்த வரிசை ஒன்றில் பளுதூக்குபவர் வேடம்: கையில் பளு, நெற்றியில் சுருட்டி ஒட்டிய முடி, கன்னத்தில் வரைந்த இதயம். பலசாலியின் உடுப்பில் பொம்மையின் முகம். ஒன்று மற்றதை மறைக்கவில்லை.

இன்னொரு தகவலும் இந்த நிகழ்வுக்கு முக்கியமானது. காஹுனின் படங்கள் பலவற்றில் அவருடைய வாழ்க்கைத் துணையும் ஓவியருமான மார்செல் மூரின் கை இருக்கிறது. 1937இல் இருவரும் ஆங்கிலக் கால்வாயிலுள்ள ஜேர்சித் தீவில் குடியேறினார்கள். ஜேர்மனிய ஆக்கிரமிப்பின்போது படையினருக்கு எதிரான துண்டுப்பிரசுரங்களைப் பரப்பியதற்காக 1944இல் கைதானார்கள். மரண தண்டனை விதிக்கப்பட்டும் அது நிறைவேறாமல் 1945 மே மாதம் விடுதலையானார்கள். அவர்களுடைய வேலையில் ஒரு பகுதி வீட்டைச் சோதித்தபோது அழிந்துபோனது. அல்பத்தைத் தூக்கிக்கொண்டு ஊர்விட்ட அனுபவம் உள்ள யாழ்ப்பாணத்தாருக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

கமரூனில் பிறந்த சாமுவேல் ஃபோசோவின் படங்களையும் பார்த்தார். 1970களில் மத்திய ஆபிரிக்கக் குடியரசின் பங்கி நகரில், பதின்ம வயதிலேயே ஸ்ரூடியோ நடத்தி, வாடிக்கையாளருக்கு எடுத்த சுருளில் மிஞ்சிய பிலிமில் தன்னை எடுத்தவர் ஃபோசோ. பெங்களூரைச் சேர்ந்த புஷ்பமாலா என். 2000 தொடக்கம் 2004 வரை கிளேர் ஆர்னி என்ற புகைப்படக் கலைஞரோடு சேர்ந்து, தென்னிந்தியப் பெண்களின் அறிமுகமான உருவங்களைத் தன் உடலில் புனைந்து எடுத்த வரிசை, இந்தத் திட்டத்துக்கு மிகக் கிட்டியது.

இவ்வளவு தூரம் போகாமலே ஊரில் ஒன்று இருந்தது. இசை நாடக மேடையில் ஆண்கள் ஸ்திரீபார்ட் (பெண் வேடம்) கட்டி ஆடியதை இரவிரவாக இருந்து பார்த்த ஊர் இது. அரிச்சந்திரன் நாடகத்தில் சந்திரமதி மயானத்தில் அழும்போது கூட அழுத சனம், சேலைக்குள் இருப்பது ஆண் என்று தெரிந்தே அழுதது. எதிர்த்திசையில் பெண் மீசை வைத்தால் மட்டும் ஏன் கேள்வி வருகிறது என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி.

முதலில் அல்பத்தைக் காத்தது

அல்பத்தை வெளியே எடுக்கத் தாயார் விரும்பவில்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு போரால் வலிகாமத்திலிருந்து தென்மராட்சிக்கு நடந்த இடப்பெயர்வில் அவருடைய சொந்தப் படங்கள் எல்லாம் வீட்டோடு போய்விட்டன. மகளின் அல்பம் அதற்குப் பிறகு இந்த வீட்டில் சேர்ந்த பொருள். ஆகவே மூலத்தை ஒரே நாளில் பிரதி எடுத்து அலுமாரிக்குள் திருப்பி வைப்பது என்று முடிவானது.

மினுக்கத் தாள் ஒட்டிய பக்கங்களைப் பிரதி எடுக்கும்போது வெளிச்சம் பளிச்சிடும். பக்கத்தை மேசையில் தட்டையாக வைத்து, கமராவை நேர் மேலே நிறுத்தி, ஒரே மாதிரியான இரண்டு விளக்குகளை இருபுறமும் 45 பாகையில் வைத்தார்கள். கமராவின் உருவமே தாளில் தெரிந்ததால், கறுப்புத் துணியில் லென்ஸ் அளவு ஓட்டை வெட்டி முன்னால் தொங்கவிட்டார்கள். பிளாஷ் பாவிக்கவில்லை. ஏழு பிரதிகளையும் 4×6 அங்குலத்தில் அச்சிட்டு, ஒவ்வொன்றிலும் தோள், முழங்கை, பாதம் இருக்கும் இடங்களைப் பேனையால் குறித்துக்கொண்டார். பிறகு எடுத்த படங்கள் மூலத்தோடு ஒத்து வந்ததற்கு இந்தக் குறிப்புகளே காரணம்.

முதல் சுற்றில் கண்டவை

முதல் சுற்றுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள். விறாந்தையில் கமராவுக்கும் அவருக்கும் இடையில் 10 அடி. கமராவை நிமிர்த்தி வைத்தால் முழு உருவமும் தலைக்கு மேல் கொஞ்ச இடமும் விழுவதற்கு அவருடைய கமராவில் 35 மி.மீ. லென்ஸுக்கு அவ்வளவு தூரம் வேண்டும். விசையை அழுத்தியவர் 17 வயதுத் தங்கை.

மூன்று குறைகள் தெரிந்தன. ஒன்று, படங்கள் எல்லாம் அழகாக இருந்தன. அதுதான் குறை. தங்கை ஒவ்வொரு தடவையும் "அக்கா, கொஞ்சம் சிரியுங்கோ", "முகத்தை இஞ்சாலை திருப்புங்கோ" என்றார், அக்கா திரும்பினார். பதின்மூன்று வயதுப் படத்தில் நடந்தது வேறொரு வாயால் மறுபடி நடந்தது. அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோதுதான் இருவருக்குமே இது புரிந்தது.

இரண்டாவது, மீசை. கண்மையால் வரைந்த மீசை பாடசாலை வினோதவுடைப் போட்டிக்கு வந்த பிள்ளையைப் போல இருந்தது. பக்கவாட்டில் வரும் யன்னல் வெளிச்சத்தில் உண்மையான முடி சிறு நிழல் விழுத்தும், மை விழுத்தாது. தோடு, மூக்குத்தி எல்லாம் கழற்றி, தலைமுடியைத் தொப்பிக்குள் ஒளித்து, முழு ஆணாகத் தெரியவேண்டும் என்று முயன்றதும் பிசகியது. பார்ப்பவர் "ஆம்பிளை மாதிரி இருக்கிறாவா இல்லையா" என்று மதிப்பெண் போடத் தொடங்கினார். படத்தில் இருந்த பெண் காணாமல் போனார்.

மூன்றாவது, குவியம். தங்கை இல்லாத நேரத்தில் 10 செக்கன் ரைமரில் எடுத்த 60 படங்களில் 22இல் பின்சுவர் தெளிவு, முகம் மங்கல். விசையை அழுத்தும் கணத்தில் கமராவுக்கு முன்னால் ஆள் இல்லை; தானியங்கிக் குவியம் சுவரைப் பிடித்துக்கொள்கிறது. லென்ஸின் துவாரம் வேறு எஃப் 1.8இல், அதாவது அகலத் திறந்து, இருந்தது. 10 அடி தூரத்தில் அந்தத் துவாரத்துக்கு முன்னும் பின்னும் ஏறத்தாழ ஒவ்வொரு அடிதான் தெளிவாக வரும்.

மாற்றிய முடிவுகள்

விசை அவருடைய கைக்கு மாறியது. சிறிய கம்பியில்லா றிமோட் ஒன்றை வாங்கி, 2 செக்கன் தாமதத்தில் வைத்தார். அதைச் சேலை மடிப்புக்குள் ஒளிப்பதா, தெரிய விடுவதா என்று பேச்சு வந்தது. சேலைப் படங்களில் இடக்கையில் வெளிப்படையாகத் தெரிய விடுவது என்று முடிவு செய்தார். மூலப் படத்தில் பூங்கொத்து இருந்த அதே கையில் இப்போது கறுப்பு நிறத்தில் விரல் நீளப் பொருள் ஒன்று இருக்கிறது. அது என்னவென்று விளங்கிய கணத்தில் படம் மாறிவிடுகிறது.

குவியத்துக்கு, அவர் நிற்கும் இடத்தில் தும்புத்தடியை நிமிர்த்திக் கட்டி, முகத்தின் உயரத்தில் செய்தித்தாள் துண்டு ஒன்றை ஒட்டி, எழுத்துத் தெளியும்வரை கையால் குவித்தார். பிறகு தானியங்கியை நிறுத்தி, லென்ஸ் வளையத்தின்மேல் ரேப் ஒட்டினார். நிலத்தில் இரண்டு பாதங்களுக்கும் ரேப் குறி. துவாரம் எஃப் 5.6. அதில் 8 அடி தொடக்கம் 14 அடி வரை தெளிவு கிடைப்பதால் அரை அடி தள்ளி நின்றாலும் பிழையில்லை. ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 800, விசை வேகம் 1/60 செக்கன். தளர்ந்திருந்த முக்காலியின் நடுவில் மணல் நிரப்பிய இரண்டு லீற்றர்ப் போத்தலைத் தொங்கவிட்டதும் ஆட்டம் நின்றது.

வெளிச்சம் காலை 7 மணி தொடக்கம் 8.30 வரை, ஒரு யன்னல் மட்டும். அதன் குறுக்கே பழைய வெள்ளை வேட்டி. மறுபக்கத்தில் நிழல் கறுத்துப் போகாமல் இரண்டடி றெஜிபோம் (தெர்மோகோல்) அட்டை. அறை விளக்குகளை அணைத்தார். பகல் வெளிச்சத்தோடு கலந்தால் தோலின் ஒரு பக்கம் பச்சை பாய்கிறது. சால்வை ஆடாமலிருக்கக் காற்றாடியையும் நிறுத்தவேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்து வெக்கையில் காற்றாடி இல்லாமல் பத்து நிமிடத்துக்கு மேல் முகம் தாங்காது. ஆகவே பத்து நிமிடம் படம், பத்து நிமிடம் ஓய்வு. ஒரு காலையில் இரண்டு நிற்புகளுக்கு மேல் முயலவில்லை.

மீசைக்கு மேடை ஒப்பனை தெரிந்த பெரியவர் ஒருவரிடம் போனார். முடியை 3 அல்லது 4 மி.மீ. துண்டுகளாக வெட்டி, உதட்டோரத்திலிருந்து மேல்நோக்கி வரிசை வரிசையாக ஒட்டவேண்டும். ஒரே துண்டாக ஒட்டினால் பேசும்போது நடு எழும்பும். பசைக்கு முன் தோலைத் துடைத்துக் காயவிடவேண்டும், இல்லாவிட்டால் வியர்வை பசையைக் கிளப்பிவிடும். முதல் நாளே உள்ளங்கைக்கு மேலே மணிக்கட்டில் ஒரு பொட்டுப் பசை வைத்துத் தோல் சிவக்கிறதா என்று பார்க்கவேண்டும். கழற்றுவதற்குத் தேங்காயெண்ணெய் ஊறவிட்டுத் துடைப்பது, இழுப்பதல்ல.

இந்த மீசையோடு தோட்டையும் மூக்குத்தியையும் கழற்றாமல் எடுத்தார். பின்னலையும் மறைக்கவில்லை. காஹுனின் பளுதூக்குபவரைப் பார்த்ததன் பயன் இது. முதல் சுற்றில் வந்த மதிப்பெண் போடும் பார்வை இப்போது எழவில்லை. மீசையும் பின்னலும் ஒரே முகத்தில் இருந்தன, இரண்டும் அவருடையவை.

வேட்டியில் ஒரு திருத்தம் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. தகப்பனார் அதுவரை ஒன்றும் சொல்லாமல் முற்றத்தில் நின்றவர், படத்தைக் கமராத் திரையில் பார்த்துவிட்டு, "கட்டுப் பிழை. கரை நேரா இறங்கவேணும் பிள்ளை, இப்பிடிச் சுருண்டு கிடக்கக் கூடாது" என்றார். தன் சாரத்துக்கு மேலேயே ஒரு வேட்டியைச் சுற்றி மூன்று தரம் கட்டிக்காட்டினார். வேட்டிப் படங்கள் ஏழையும் அடுத்த இரண்டு கிழமைகளில் மறுபடி எடுத்தார்கள்.

தங்கை திரும்பி வந்ததும் இந்த நாள்களில்தான். றிமோட்டால் முடியாத நிற்புகள் இரண்டு இருந்தன. இரு கையும் கண்ணாடியைப் பிடிக்கவேண்டியவை. அக்கா சொல்லும்போது மட்டும் அழுத்துவது, வாய் திறப்பதில்லை என்று உடன்பாடு. உதவிக்கு ஆள் இருந்தால் அது தன்னுருவப் படம் ஆகாது என்று சிலர் வாதிட்டார்கள். மூர் இல்லாமல் காஹுன் இல்லை, ஆர்னி இல்லாமல் புஷ்பமாலாவின் அந்த வரிசை இல்லை. விரல் யாருடையது என்பதைவிட, சொல் யாருடையது என்பதே கேள்வி.

அச்சில் நடந்தது

பரீட்சைக்கு மூன்று படங்களை நகரிலுள்ள அச்சுக்கூடம் ஒன்றில் 5×7 அங்குலத்தில் கொடுத்தார். திரும்பி வந்தவற்றில் முகம் இரண்டு படி வெளுத்திருந்தது. மீசையின் ஓரம் மெழுகினாற்போல வழுக்கியது. இயந்திரத்தின் தானியங்கித் திருத்தம் போட்டபடியே இருந்திருக்கிறது: தோலை வெளுப்பாக்கி, சிறு புள்ளிகளை அழிக்கும் ஒழுங்கு. கலியாண அல்பத்துக்குச் சனம் கேட்பது அதுதான். இங்கே அது, எவ்வளவோ பாடுபட்டு ஒட்டிய முடியை அழுக்கென்று துடைத்துவிட்டது. மூலப் படத்தை எடுத்துப் பார்த்தால் 13 வயது முகமும் அப்படியே வெளுத்திருக்கிறது. இந்தக் கண்டுபிடிப்புக்குப் பிறகு தோலின் நிறமும் வேலையின் பகுதியாகிவிட்டது.

இரண்டாம் தடவை கோப்புகளை எஸ்ஆர்ஜிபி நிறவெளியில் கொடுத்து, உறையின்மேல் "திருத்தம் வேண்டாம்" என்று எழுதி, இயக்குபவருக்கு அருகில் நின்று முதல் அச்சைப் பார்த்த பிறகே மிச்சத்தை ஓடவிட்டார். மினுக்கம் இல்லாத தாள்.

அளவு பற்றியும் இங்கேதான் முடிவானது. 24 மெகாபிக்சல் கோப்பு 6000க்கு 4000 புள்ளிகள். அங்குலத்துக்கு 300 என்று கொண்டால் 20 அங்குல அகலம் வரை தாராளமாகப் போகலாம். பெரிதாக்கிச் சுவரில் தொங்கவிடும் ஆசை அவருக்கு இருந்தது. காஹுனின் படங்களோ பெரும்பாலும் கைக்குள் அடங்கும் அச்சுகள். இந்த வேலை அல்பத்துக்கு அல்பத்தால் சொல்லும் பதில். மடியில் வைத்துப் புரட்டினால்தான் அது பேசும். 4×6 அங்குலமே போதும் என்று தீர்மானித்தார். பின்னால் வந்த சிக்கலில் கைகொடுத்ததும் அந்தச் சிறிய அளவுதான்.

படம் வெளியே போனது

முதற் பரீட்சை அச்சுகளில் ஒன்றை யாரோ போனில் எடுத்து வைபர் குழு ஒன்றில் போட்டுவிட்டார்கள். மத்தியானம் ஊருக்குள், இரவு கனடாவில். மாமி ஒருவர் அங்கிருந்து போன் எடுத்து, "பிள்ளைக்கு என்ன நடந்தது? கலியாணம் பேசுற நேரத்திலை உதென்ன கோலம்?" என்று கேட்டார். தாயார் இரண்டு நாள் சமைத்தார், சாப்பிட்டார், மகளோடு கதைக்கவில்லை.

விளக்கம் எழுதிப் போடலாம் என்ற யோசனை அன்றிரவே வந்தது. அதை எழுதவில்லை. எழுதினால், "நீ ஆணா பெண்ணா, ஏன் இப்படி" என்ற கேள்விக்குப் பதில் சொல்லவேண்டிய கடமை தனக்கு உண்டென்று ஒத்துக்கொள்வதாகிவிடும். வேடம் புனைந்தவரிடம் அந்தக் கணக்குக் கேட்க ஒருவருக்கும் உரிமை இல்லை. எங்கள் நிலைப்பாடும் அதுவே. பார்வைக்கு வைப்பதை ஆறு கிழமைகள் தள்ளிப்போட்டார். அச்சுக்கூடத்துக்குப் போய்க் கோப்புகளை அங்கிருந்த கணினியிலிருந்து தன் முன்னாலேயே அழிப்பித்தார். பழுதான அச்சுகளையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மூன்றாம் நாள் 14 படங்களையும் தாயாரின் கட்டிலில் பரப்பி, அருகில் மூல அல்பத்தையும் வைத்துவிட்டு அறையை விட்டு வெளியே வந்தார். தாயார் தனியாக ஒரு மணித்தியாலம் பார்த்தார். பிறகு கூப்பிட்டு இரண்டை எடுத்து ஒதுக்கினார். ஒன்றில் தன் தாலிக்கொடியை மகள் மீசையோடு அணிந்திருந்தார். மற்றதில் பின்னால் சாமித்தட்டுத் தெரிந்தது. மற்றப் பன்னிரண்டும் போகட்டும் என்றார். மீசை பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஊரும் உறவும் மீசையைப் பார்த்தார்கள். தாயார் பார்த்தது தன் பொருள்களை. கேளாமல் எடுத்தது அதைத்தான். அந்தக் குறை நியாயமானது.

பார்வைக்கு வைத்தது

மண்டபம் எடுக்கும் திட்டம் கைவிடப்பட்டது. படங்கள் எடுத்த அதே விறாந்தையில், அடுத்தடுத்த இரண்டு பின்னேரங்கள். பாய் விரித்து, நடுவில் சின்ன மேசை, அதன்மேல் இரண்டு அல்பங்கள்: ஒன்று பழைய படங்களின் பிரதி, மற்றது புதியது. ஒரு தரம் நான்கு பேர் மட்டும். போன்கள் வாசலில் கடகத்துக்குள். மொத்தம் 38 பேர் வந்தார்கள், பெரும்பாலும் பெண்கள்.

இருவர் நான்கு பக்கத்தோடு மூடி வைத்துவிட்டு எழும்பிப் போனார்கள். பல பெண்கள் புதிய அல்பத்தைவிடப் பழையதில் நெடுநேரம் தங்கினார்கள். தங்களுக்கும் யாரோ அப்படிச் சொன்னதை நினைவுகூர்ந்து ஒருவருக்கொருவர் கதைக்கத் தொடங்கினார்கள். அறுபது வயது தாண்டிய ஒருவர், குனிந்த தலைப் படத்தையும் அதே நிற்பில் மீசையோடு நிமிர்ந்து பார்க்கும் படத்தையும் மாறி மாறிப் புரட்டிவிட்டு, "எனக்கும் கழுத்து நொந்தது" என்றார். கனடாவிலுள்ள மாமி இதுவரை கதைக்கவில்லை. பேசி வந்த சம்பந்தம் ஒன்று நின்றுபோனது. அது படத்தால்தானா என்று ஒருவரும் சொல்லவுமில்லை, வீட்டார் கேட்கவுமில்லை. அந்தப் பெண் வேலைக்குப் போகிறார், பிறந்தநாள் வீடுகளுக்கும் முன்போலவே கூப்பிடுகிறார்கள்.

மறுபடி செய்தால்

படம் எடுக்கத் தொடங்குவதற்கு முன்பே பொருள்களின் பட்டியல் ஒன்று எழுதப்படும்: எந்தச் சேலை, எந்த நகை, எந்த அறை, எது யாருடையது. ஒவ்வொன்றுக்கும் உரியவரிடம் தனித்தனியாகக் கேட்கப்படும். "வீட்டில் சம்மதம்" என்று மொத்தமாக எடுத்துக்கொண்டதே இங்கே நடந்த பெரிய பிழை.

பரீட்சை அச்சுக்கு முகம் தெரியும் படம் கொடுக்கப்படாது. கைப்பகுதியும் துணியும் மட்டும் உள்ள துண்டு ஒன்று நிறத்தையும் திருத்தத்தையும் சோதிக்கப் போதும். மீசையின் ஓரத்தைச் சோதிக்க வேண்டுமானால் உதட்டை மட்டும் வெட்டிக் கொடுக்கலாம்.

தகப்பனாரை முதல் நாளே கூப்பிட்டிருக்கலாம். வேட்டி கட்டத் தெரிந்தவர் முற்றத்தில் நிற்க, ஏழு படங்கள் இரண்டு தடவை எடுக்கப்பட்டன.

புதிய அல்பத்தின் கடைசிப் பக்கத்தில் அக்கா, தங்கை இருவருடைய பெயரும் சம அளவில் எழுதப்பட்டிருக்கின்றன. அது அப்படியே இருக்கும். ஒதுக்கிய இரண்டு படங்களின் கோப்புகள் தனி மெமரி அட்டை ஒன்றில், சிலிக்கா பொட்டலத்தோடு, தாயாரின் அலுமாரியில் பழைய அல்பத்துக்குக் கீழே இருக்கின்றன. திறப்பு அவரிடம்.